போயா நாளில் கபடி

கொழும்பில் நிலாவும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர்தான். மாதம் ஒருமுறை அது முழுதாக வந்து நின்றால் போயா விடுமுறை, பௌத்தர்களின் புனித நாள். நான் தங்கியிருக்கும் வெள்ளவத்தையில் இறைச்சிக்கடைகூடத் திறக்காது. சென்னையில் ஐம்பது வயது வரை பௌர்ணமியைக் கண்டுகொள்ளாத எனக்கு, ஆட்டுக்கறி கிடைக்காதபோதுதான் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்தது.

எங்கள் கபடி லீக்கைக் கடல் தாண்டி நடத்திக்காட்ட என்னை அனுப்பியிருந்தார்கள். முதல் ஆட்டம் சோபிக்காவிட்டால் கொழும்புக் கிளைக்குப் பூட்டு, நானும் ஊருக்கு மூட்டை. விடுமுறையென்றால் கூட்டம் வருமே என்று, இங்கு வந்த புதிதில், போயா தினத்தையே குறித்தேன். மேளம், நடனம், ஆளுயர ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு. எங்கள் உள்ளூர்ப் பங்காளி நவாஸ், வெள்ளவத்தையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். போஸ்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“போயா அண்டைக்கு மேளமா, சேர்? ஆட்டத்துக்கு முந்தி நீங்க பொலிஸுக்குத்தான் போவீங்க.”

ஆட அனுமதி கிடைத்தது. சத்தம் போட இல்லை.

சென்னை அரங்கில் பாட்டு இடிக்கிற இடியில், பாடிப்போகிறவன் கபடி சொல்கிறானா, பயிற்சியாளரைத் திட்டுகிறானா என்றே தெரியாது. கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அன்று மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. கூட்டம் வந்திருந்தது, வேறெங்கும் போக வழியில்லாத நாள் அல்லவா? எங்கள் நட்சத்திர வீரர் கபடி, கபடி என்று எதிரணிக்குள் நுழைந்தார். நடுவில் ஒரு கணம் குரல் அறுந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்துவிட்டார்.

“மூச்சு விட்டிட்டார்! நான் கேட்டனான்!”

“ஓம், நானும் கேட்டனான். வெளியால போங்கோ தம்பி!” என்றது பின்வரிசை.

நடுவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். வீரர் வெளியேறினார். அதன்பிறகு மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது; ஒவ்வொருவனும் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது மொத்தக் கூட்டமும் சேர்ந்து மூச்சு விட்டது. இந்தத் தொழிலிலேயே நரைத்த நான் கபடியைக் காதால் கேட்டது அன்றுதான்.

வீடியோ பார்த்த சென்னை முதலாளி தொலைபேசியில் சொன்னார்: “கூட்டம் இருக்கு, ஆனா எழவு வீடு மாதிரி இருக்கேப்பா. ரப்பர் மேட்டைச் சுருட்டி அனுப்பிட்டு நீயும் கிளம்பு.”

நவாஸிடம் சொன்னேன்.

“அடுத்த போயாவுக்கும் ஆட்டம் ஈக்கா எண்டு ஆக்கள் கடைக்கு வந்து கேக்கிறாங்க. நீங்க மேட்ட அனுப்பப் போறீங்களா?” என்றவர், அந்த ஆடுகள விரிப்பில் பாதியைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்கு நடந்தார்.

ஆக, ஆடுகளத்தில் ஒரு பாதி, காலி நகருக்குப் போகும் காலி வீதிக்கு இந்தப் பக்கம், என் அறைக் கட்டிலுக்கு அடியில். மறு பாதி எதிர்ப்பக்கம், நவாஸின் கடையில். நடுக்கோடு வீதியில்தான் எங்கோ கிடக்கவேண்டும். சென்னைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் பஸ்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கிறேன். எந்தப் பக்கத்தைத் தொட்டால் நான் திரும்பிவிட்டதாக அர்த்தம் என்றுதான் தெரியவில்லை.