கோவேறு கழுதைக் கொட்டகைக்கு எட்டுக் குழி

மம்சாபுரத்தில் மகள் வீட்டு முன்னால் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போடுகிறார்கள். ராஜபாளையத்திலிருந்து குழி போடும் மிஷின் வந்தது. டீ குடிக்கிற நேரத்தில் நாலு குழி. எட்டிப் பார்த்தேன். ஒரு முழம் இருக்கும். கோழி இதைவிட ஆழமாகச் சீய்க்கும்.

“கரிசலுப்பா. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். இடுப்பு மட்டமாவது போகணும்” என்றேன்.

“மேல காங்கிரீட் போட்ருவோம்லா, பெரியவரே. யானை சாஞ்சாலும் அசையாது” என்றான் மிஷின்காரன்.

மருமகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவிய தெனம் பத்து வீட்டுக்குப் போடுதாக, மாமா.”

தினம் பத்துப் பந்தியில் சாப்பிடுகிறவன் சமையல்காரனா? கேட்கவில்லை. மகள் வீடு.

மிஷின் கிளறிப் போட்ட ஈரமண் மணந்தது. மண் மணக்காத ஊரிலும் நான் குழி தோண்டியிருக்கிறேன். பனிமலையில், பட்டாளத்தில். பட்டாளம் என்றதும் துப்பாக்கியை நினைக்காதீர்கள். நான் பிடித்தது கடப்பாரை. ஊருக்கு வந்து சொன்ன கதை வேறு. அதை விடுங்கள்.

அங்கே மண்ணை மூக்கில் வைத்தாலும் வாசனை வராது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கும். பழைய டயரை எரித்து மேல்மண்ணை இளக்கி, அரை முழம் வெட்டி, மறுபடியும் நெருப்புப் போட வேண்டும். சளி கூடக் கறுப்பாக வரும்.

கோவேறு கழுதைகளுக்குக் கொட்டகை. கூரையைத் தாங்க எட்டு மரக்கால், எட்டுக் குழி. பனி கொட்டுவதற்குள் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே காவலில் இருப்பவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமக்கிற பன்னிரண்டு உருப்படியும் விறைத்துச் சாகும். குழி வேலை எனக்கும் குருசாமிக்கும். குருசாமி வன்னியம்பட்டிக்காரன். கறுப்பி என்று ஒரு கழுதை அவன் பின்னாலேயே சுற்றும். தன் வெல்லத்தில் பாதியை அதற்குக் கொடுப்பான்.

ஹவில்தார் மலைநாட்டு ஆள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இவ்வளவு ஆழம். காலைச் சுற்றிச் சரளைக்கல் மட்டும் நிரப்ப வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இந்தியில் மூன்று தடவை சொன்னார். எனக்கு இந்தி புரியும். புரியாத மாதிரி நிற்கவும் தெரியும்.

ஆழத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் சரளை கீழே ஓடையில் கிடந்தது. சுமந்து ஏற வேண்டும். எங்கள் பக்கம் கால் நட்டால், வெட்டிய மண்ணையே தள்ளி, குடம் குடமாய்த் தண்ணீர் விட்டுக் குத்தி இறுக்குவோம். தண்ணீர் குடிக்காத மண் பிடிக்காது என்பார்கள்.

“ஏலே, அவிய தண்ணி வேண்டாம்னாகள்லா?” என்றான் குருசாமி.

“அவியளுக்கு மலை தெரியும். மண்ணு தெரியுமா?”

“செத்த நேரம்தாம்லே. சரளை அள்ளிட்டு வந்துருவோம்.”

“நீ போயி ஒம் பொண்டாட்டிக்குப் புல்லு போடு, போ.”

கறுப்பியைத்தான் சொன்னேன். அவன் போய்விட்டான். நான் வெட்டிய மண்ணையே தள்ளி, பாறையிடுக்கில் கிடந்த பழைய பனியை உருக்கி, டின் டின்னாக எட்டுக் குழிக்கும் ஊற்றினேன்.

மறுநாள் கால்கள் பாறையில் முளைத்த மாதிரி நின்றன. ஹவில்தார் தோளால் மோதிப் பார்த்து “சபாஷ்” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

தண்ணீர் உறைந்தால் ஊதும். சட்டியில் விட்ட தண்ணீர் சட்டியை உடைப்பதைத் தினமும் பார்த்தவன் நான். குழியும் ஒரு சட்டிதான் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. குளிர் இறங்க இறங்க, ஈரமண் காலைக் கவ்வி மேலே தூக்கியது. ஒரு மாதத்தில் மூன்று கால்கள் ஒரு சாண் எழும்பின. உத்திரம் முறுக்கிக்கொண்டது. ஒரு விடியலில் பனிப்பாரத்தோடு பாதிக் கூரை இறங்கியது. பதினொரு கழுதைகளை இழுத்துவிட்டோம். கறுப்பிக்கு முன்னங்கால் இரண்டும் போயிருந்தன. சுட வேண்டியதாயிற்று. சுடுகிற வரைக்கும் குருசாமி அதன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சரிந்து கிடந்த மரக்காலில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைக் காட்டி, “தண்ணீர் விட்டது யார்?” என்று ஹவில்தார் கேட்டார். நான் இந்தி புரியாதவனாக நின்றேன். குருசாமி என்னைப் பார்த்தான். பிறகு, “நான்தான்” என்றான்.

அவனைக் கழுதைகளிடமிருந்து பிரித்துக் கீழே சமையல்கூடத்துக்கு அனுப்பினார்கள். உருளைக்கிழங்கு உரிக்க. எனக்கு அந்த வருடம் சட்டைக்கையில் ஒரு பட்டை ஏறியது.

ஓய்வுபெற்ற பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் பார்த்துக்கொள்வோம். ஒருநாள் கேட்டே விட்டேன். “அன்னைக்கு ஏம்லே நீ ஏத்துக்கிட்ட?”

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “நீ சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. யாராச்சும் பேசணும்லா? கழுதையா பேசும்?”

போன வைகாசியில் அவனும் போய்ச் சேர்ந்தான். மலையில் இப்போது ரோடு வந்து லாரி ஏறுகிறதாம். கழுதைகளும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஹவில்தார் என்னைவிட இருபது வயது மூத்தவர்; இருக்க மாட்டார்.

தண்ணீர் ஊற்றியது நான்தான். இப்போது இதைச் சொல்ல என்ன தைரியம் வேண்டிக்கிடக்கிறது? கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் மிச்சமில்லை.