தெருவிலேயே அதிக வரி

மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தபோது கிழக்குப் பாதி ஓரகத்திக்கும் மேற்குப் பாதி எங்களுக்கும் வந்தது. திருவொற்றியூரில் கடல் கிழக்கே. காற்று அவள் பக்கம் வரும், கன்டெய்னர் லாரிப் புழுதி எங்கள் பக்கம் வரும். அதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் மகன் கப்பல் வேலைக்குப் போய் மாடி கட்டிக் கொடுத்ததையும், அது முழுக்க டைல்ஸ் பதித்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். சொத்து வரி நோட்டீஸ் வந்தபோதுதான் வயிறு பற்றி எரிந்தது. மாடியே இல்லாத எனக்கு அவளைவிட அதிக வரி!

காரணம் எங்கள் முன்னறை. என் கணவர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதை மூடி வருஷங்கள் ஆகியும் ஷட்டரை நாங்கள் கழற்றவில்லை, ஆபீஸில் போய்ச் சொல்லவும் இல்லை. பதிவில் அது இன்னும் கடை. கடைக்கு வரி அதிகம். அவள் மாடியோ பதிவிலேயே ஏறவில்லை.

"கட்டித் தொலைச்சிட்டுப் போவோம், வுடு" என்றார் என் கணவர். நான் விடவில்லை. மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்காக நடையாய் நடந்தேன்.

ஒருநாள் அதிகாரி வந்தார். ஷட்டரைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே கட்டிலும் துணி மூட்டையும்தான் இருந்தன. இருந்தாலும் அவருக்குச் சந்தேகம், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். கூப்பிடாமலே வந்து நின்றாள் ஓரகத்தி.

"கடையா? இன்னா சார் நீங்க! இந்த வூட்ல காத்து கீதா, வெளிச்சம் கீதா? மழை பேஞ்சா ஒழுகும். மனுசன் இருக்கிறதே பேஜாரு, இதுல எவன் சார் கடை வெப்பான்?"

எனக்காகத்தான் பேசினாள். ஆனால் அந்த முகத்தில் என்ன சந்தோஷம்! எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அத்தோடு அவள் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம வூட்டாண்ட வந்து பாருங்க சார். வூடுன்னா எப்டி இருக்கணும்னு தெரியும்."

வரி போடுகிற ஆளையே மாடிக்குக் கூப்பிடுகிறாள். 'அக்கா, வேணாம்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவர் டேப்போடு படியேறுவதைக் கண் குளிரப் பார்த்தேன். அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

எங்கள் வரி குறைந்தது. அவளுக்கு மாடியும் சேர்ந்து வரி எங்கேயோ ஏறிவிட்டது. அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணி லாரி பக்கத்தில் குடத்தோடு நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருவுலயே நம்ம வூட்டுக்குத்தான் அதிக வரி, தெரிமா? ஆபீசரே வந்து அளந்து பாத்துட்டு, மாடி சோக்கா கீதுன்னுட்டுப் போனாரு."

பெண்கள் அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். என் குடம் நிரம்பி வழிவது தெரியாமல் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த எரிச்சலில் குடத்தை அடுப்படியில் ணங்கென்று வைத்தேன்.

"அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் இன்னா?" என்றார் என் கணவர்.

நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். குறைத்த வரி, கீழே முத்திரை. இதை எந்தத் தெருவில் போய்க் காட்டுவது? இந்த வீட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று மனு போட்டு எழுதி வாங்கி வந்தவளே நான்தானே.