சுறா எண்ணெய் பூசிய லொறி

ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறியின் சாரதி சீற்றைக் கழற்றித் தூக்கியபோதுதான் எனக்கு முதல் ஓங்காளம் வந்தது. கீழே எலிக் குடும்பம் ஒன்று செத்துக் காய்ந்து தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதைச் சுற்றி வெற்றிலைத் துப்பல், பீடிக் கட்டைகள், பூஞ்சணம் பிடித்த ஒற்றைக் கால்மேஸ். கடலுக்குப் போன காலத்தில் எத்தனையோ அழுகல் மீனைக் கையால் அள்ளி எறிந்தவன் நான். அந்த மேஸை மட்டும் தடியால் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

முதுகு விட்டுப் போனதால் கடலை நிறுத்திவிட்டு, இனி மற்றவர்கள் பிடிக்கும் மீனை ஏற்றி இறக்கிப் பிழைப்போம் என்றுதான் அந்த லொறியை வாங்கினேன். வள்ளத்தையும் விற்றாயிற்று. வீட்டுக்கு இருந்த ஒரே வழி அந்த இரும்புக் குப்பைதான். அது வளவுக்குள் வந்த அன்றே என் மனைவி முன்வாசலால் போவதை நிறுத்திவிட்டாள். கிணற்றடிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் பின்னாலுள்ள குசினிப் பக்கத்தால் சுற்றித்தான் போனாள்.

காரணம் எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்த கிழமைகளில் வன்னியிலிருந்து முகாமுக்கு அவள் போனது இப்படியான ஒரு லொறியின் பின்தட்டில்தான். அந்த நெரிசலில் தகப்பன் அவளுடைய தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். பல நாள் கண் மூடாத மனிதர், பாவம், படுக்கட்டும் என்று தோள் விறைக்கும்வரை அசையாமல் இருந்திருக்கிறாள். இறங்குவதற்காக எழுப்பியபோதுதான் அவர் எப்போதோ போய்விட்டார் என்று தெரிந்திருக்கிறது. இதைக் கலியாணமான புதிதில் ஒரேயொரு தடவை எனக்குச் சொன்னாள்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்கு எங்கள் தெருவே சட்டி பானை, பாய், அரிசி மூட்டையோடு புறப்பட்டுப் போய்க் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கும். இந்த முறை எல்லோரும் என் லொறியில்தான் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நீங்கள் சனத்தை ஏத்திக்கொண்டு போங்கோ. நான் பஸ்ஸில வாறன்" என்றாள் மனைவி.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தெருச் சனம் முழுக்க என்ர லொறியில, நீ மட்டும் பஸ்ஸிலயோ? திருநாளுக்கு நீ ஏறேல்லையெண்டா இதைப் பழைய இரும்புக்குப் போடுறன்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவளுக்கு வேண்டாத ஒன்றை அவள் கண்முன்னே நிறுத்தி வைத்துக்கொண்டு எத்தனை நாள் சோறு தின்ன முடியும்? பழுது பார்க்கப் பார்க்க அந்தச் சொல் உண்மையாகிக்கொண்டு வந்தது.

பழுது என்றால் சும்மா பழுதல்ல. உயிலங்குளத்திலிருந்து ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். என்னைவிட இளையவர், எதைப் பார்த்தாலும் சிரிப்பார். எஞ்சின் ஒயிலைத் திறந்துவிட்டால் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றார். டீசல் தாங்கிக்குள் கையை விட்டேன், பாசியா மலமா என்று தெரியாத ஒரு கறுப்புச் சளி முழங்கைவரை அப்பிக்கொண்டது. ரேடியேற்றருக்குள் இருந்தது தண்ணீர் அல்ல, துருக் கஞ்சி. சில்லுகளைக் கழற்றினால் கிறீஸ் கெட்டு மெழுகாகியிருந்தது. நகக் கண்ணுக்குள் போன அந்த நாற்றம் சவர்க்காரத்துக்கும் தேசிக்காய்க்கும் அசையவில்லை. அந்தக் கையால் சோறு பிசைய அருவருத்து, ஒரு கிழமை கரண்டியால் தின்றேன்.

"அண்ணை, நல்ல சாமான். எஞ்சின் தங்கம்" என்பார் மெக்கானிக், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை உடைந்ததாகக் கையில் எடுத்துக் காட்டிக்கொண்டே.

ஒயில், பில்டர், பிறேக் றபர், பற்றரி எல்லாம் மாற்றியாயிற்று. ஏறி இறங்கப் பின்னுக்கு ஓர் ஏணி ஒட்டுவித்தேன். பச்சையைச் சுரண்டி எறிந்துவிட்டு வள்ளத்துக்கு அடிக்கிற நீலத்தை அடித்தேன். தெருச் சனம் வந்து பார்த்து, நல்ல வடிவு என்றது. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினி ஜன்னலடிக்குப் போய், "பார், ஆர் இனி ஆமி லொறி எண்டு சொல்லுவினம்?" என்றேன்.

"நிறம் எனக்குப் பிரச்சினையில்லை. அந்த மணம் போகேல்லை" என்றாள் அவள்.

எனக்கு அப்போதுதான் அது விளங்கியது. கன்வசும் டீசலும் பழைய வேர்வையும் ஊறிப்போன மணம். நான் நாட்கணக்காக அதற்குள்ளேயே கிடந்ததால் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. பின்தட்டுப் பலகையைச் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினேன், டெற்றோல் ஊற்றினேன், வெயிலில் திறந்து போட்டேன். காய்ந்ததும் அதே மணம் திரும்ப வந்து குந்திக்கொண்டது. மனம் விட்டுப் போய், எனக்குத் தெரிந்த இரும்புக்காரர் ஒருவரிடம் கதைத்தும் வைத்தேன்.

இருந்தாலும் கையில் எடுத்த வேலையை அரைகுறையில் விட எனக்கு முடியாது. பலகை உழுத்துப்போகாமல் இருக்கப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசச் சொன்னார் மெக்கானிக். எனக்கு அது பிடிக்கவில்லை. மரத்துக்கு எதைப் பூச வேண்டும் என்று வயல் ஊரிலிருந்து வருகிற ஒரு மெக்கானிக் எனக்குச் சொல்லித் தருவதா? கடற்கரையில் பிறந்தவனுக்கு மரம் என்றால் சுறா எண்ணெய்தான். வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சிய ஒரு கலன் கிடந்தது. பின்தட்டு, பக்கப் பலகை, கீழே சட்டம் என்று ஓர் இடம் விடாமல் ஊற ஊறப் பூசினேன்.

வள்ளம் கடலில் நிற்கும், காற்று அடிக்கும், உப்புத் தண்ணீர் கழுவும். லொறி வீட்டு முற்றத்தில் நிற்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. வெயில் ஏறியதும் அது நாறத் தொடங்கியது. எஞ்சினை ஓடவிட்டதும் புகைக் குழாய்ச் சூட்டில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. ஈ கறுப்பாக மொய்த்தது. தெருப் பூனையெல்லாம் ஏணியால் ஏறிப் பலகையை நக்கின. சோளகக் காற்று அந்த நாற்றத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. சுறா எண்ணெயிலேயே வளர்ந்த நானே மூக்கைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டேன். லொறியை மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியார் தீர்த்தத்தைத் தூரத்தில் நின்றே தெளித்துவிட்டுச் செபத்தைப் பாதியில் விழுங்கினார். மெக்கானிக் வாசலோடு திரும்பி, "அண்ணை, திருநாள் முடியட்டும், பிறகு வாறன்" என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அன்று அவர் சிரிக்கவில்லை.

சீ என்று போய்விட்டது எனக்கு. இரும்புக்காரரைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டு முற்றத்தில் குந்தியிருந்தேன். அப்போது முன்வாசல் கதவு திறந்தது. மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு லொறிக்குக் கிட்டப் போனாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்தாள். ஓங்காளித்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மணம் இல்லை" என்றாள்.

"வேற எல்லா மணமும் இருக்கு" என்றேன் எரிச்சலோடு.

"இருக்கட்டும். நான் ஏறுவன். பின்னுக்குத்தான் ஏறுவன்."

இரும்புக்காரர் வந்தபோது சும்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

திருநாளுக்குப் போகிற அன்று விடியவெள்ளன வெளிக்கிட்டோம். தெருச் சனம் என்னைத் திட்டித் தீர்த்தபடிதான் ஏறியது. பாயை விரித்தும் எண்ணெய் ஊறி உடுப்பில் பட்டது. ஒரு பிள்ளை கடற்பாலம் தாண்டுவதற்குள் சத்தி எடுத்தது. உயிலங்குளம் கடந்து வெட்டை வயல்கள் தொடங்கியபோது பின்னால் திட்டும் ஓய்ந்து, செபமாலையும் ஓய்ந்து, சனம் ஆளுக்கு ஆள் சரிந்து தூங்கத் தொடங்கியது.

எனக்குத் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். அதனூடாகப் பார்த்தேன். என் மனைவி ஆடும் லொறியில் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். பக்கத்து வீட்டு ஐயா தன் மகளின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடந்தார். அவருடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தோளைப் பிடித்து உலுப்பினாள்.

"ஐயா, எழும்புங்கோ. ஏதாவது கதையுங்கோ."

"விடு பிள்ளை, கண் சுழட்டுது" என்றார் அவர்.

அவள் விடவில்லை. அவர் எழும்பி உட்காரும்வரை உலுப்பினாள். பிறகு அடுத்தவரிடம் போனாள். அவருக்கும் மூக்கடியில் விரல். ஒருத்தி சினந்து கையைத் தட்டிவிட்டாள். இது என்ன விசர் என்று யாரோ பின்னால் கத்தியது எனக்குக் கேட்டது. அவள் ஒருவரையும் தவற விடாமல் ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டு போனாள்.

றோட்டில் எதிரே ஒரு மாடுகூட இல்லை. நான் ஹோர்னில் கையை வைத்து அமத்தினேன். மடுச் சந்திவரை எடுக்கவில்லை.