கற்பூரக் கரியும் சிவகாமசுந்தரியின் துப்பாக்கியும்

சிவகாமசுந்தரி துப்பாக்கி பிடித்ததற்கு வீரம் காரணமில்லை. பூட்ஸ்தான் காரணம்.

மழைக்காலத்தில் ரோவல் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போவதற்குள் அவளுடைய செருப்பு எத்தனையோ முறை வார் அறுந்து சாக்கடையோடு போயிருக்கிறது. ராணுவத்துக்குத் துணையான தொண்டர் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தால் தோல் பூட்ஸ் இலவசம், சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு தேநீரும் கறிபஃப்பும் உண்டு என்று தோழி நூருன்னிசா சொன்னாள். இருவரும் சேர்ந்துவிட்டார்கள். இது 1955இல்.

முதல் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு மற்றப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிவகாமியின் ஐந்து குண்டுகளும் ஒரு பரோட்டா அளவுக்குள் போய் உட்கார்ந்தன. சார்ஜண்ட் குறி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நீ காட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்தவளா?”

அப்போது மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பாதி வேடிக்கையாகவும் பாதி சந்தேகமாகவும் கேட்டார்.

“நான் போன் எக்ஸ்சேஞ்சில் இருக்கேன் சார். நாள் முழுக்கத் துரைமார் என் காதுக்குள்ள கத்துறாங்க. கை நடுங்கினா ஒயர் தப்பான ஓட்டையில போயிடும். இது ஒரே ஒரு சத்தம். அதுவும் என்னைத் திட்டலை.”

வீட்டில் கணவன் தனசேகரன் மகிழ்ச்சியோடு சம்மதித்தான். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மாலையில் சீர்திருத்தச் சங்கத்தில் பேச்சாளன். மேடையில் ஏறினால் அவன் வாயிலிருந்து பெண் விடுதலை அருவியாகக் கொட்டும். கீழே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் கைதட்டுவார்கள். பெண்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் எதற்கும், “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க” என்பான். அம்மா பூவம்மாவுக்கு மருமகள் சுடுவது பற்றிப் புகார் எதுவும் இல்லை. “பூட்ஸு நல்ல தோலு” என்று மட்டும் சொன்னாள்.

நான்கு வருஷத்தில் சிவகாமி படையிலேயே குறி தவறாத ஆளாகிவிட்டாள். சுடுவது மார்சிலிங் ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி இருந்த ஒரு திடலில். அந்தத் திடல் வெள்ளைக்காரர்களின் துப்பாக்கி கிளப்புக்குச் சொந்தம். கிளப்பின் மதுக்கூடத்தில் தேக்கு மரப் போர்டு ஒன்று தொங்கியது. வருஷா வருஷம் கோப்பை வென்றவரின் பெயரைத் தங்க எழுத்தில் அதில் எழுதுவார்கள். கடைசி ஆறு வரிகளிலும் ஒரே பெயர்: கிளப் செயலாளர் ஹாப்சன். ஆசியர்கள் திடலில் சுடலாம், காலிக் குண்டுக்கூடு பொறுக்கலாம், மரத்தடியில் நின்று தேநீர் குடிக்கலாம். கோப்பைக்குப் போட்டியிட முடியாது.

1959இல் தேர்தல் முடிந்து சொந்த அரசாங்கம் வந்ததும் கிளப்புக்கு வேர்த்தது. சீருடை அணிந்த எவரும் கோப்பைக்குச் சுடலாம் என்று அறிவித்தார்கள். பவ்வியமான இரண்டு போலீஸ் இன்ஸ்பெக்டர்கள் வந்து தோற்றுவிட்டுக் கைகுலுக்கிப் போவார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். வந்தது சிவகாமசுந்தரியின் பெயர்.

ஹாப்சன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். “பெண்கள் கூடாது என்று விதியில் எழுத மறந்துவிட்டோம், மேடம். இந்த வருஷம் வாருங்கள். கோப்பை உங்களுக்கு வராவிட்டால் அடுத்த வருஷம் விதியை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.”

ஆக, அவள் தோற்றால் அவளோடு மற்றப் பெண்களுக்கும் கதவு சாத்தப்படும். அவளுக்குப் பின்னால் சுட்டுப் பழகிக்கொண்டிருந்த நூருன்னிசாவுக்கும்தான்.

போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை விஜயதசமியாக வந்து தொலைத்தது. முந்திய நாள் ஆயுத பூசை. அன்று காலையே சிவகாமி வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். பூவம்மா வீட்டுச் சட்டப்படி அந்த மூன்று நாளும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பாய் போட்டுக்கொள்ள வேண்டும். சிவகாமிக்கு அதில் வருத்தமில்லை. மற்ற நாட்களில் அவளுக்கு ஓய்வு ஏது?

முன்கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வீட்டின் ஆயுதங்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. அரிவாள்மனை, தையல் மெஷின், தனசேகரனின் பேனா, சைக்கிள் பம்பு. பூவம்மா நல்ல மனசுக்காரி. எல்லார் ஆயுதமும் இருக்கும்போது மருமகளுடையது மட்டும் விட்டுப்போகலாமா என்று அவளுக்குத் தோன்றியது. துப்பாக்கி படையின் கிடங்கில் இருந்தது. ஆனால் அதன் பின்பக்கம் மாட்டும் சைட்டு சிவகாமியின் சொந்தம். குண்டூசித் தலையளவு துளை போட்ட வட்டத் தகடு, அதை ஏற்றி இறக்கவும் இட வலமாக நகர்த்தவும் இரண்டு திருகுகள். துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். அதை மைலோ பானத் தூள் வந்த ஒரு டின்னில் வைத்திருந்தாள். பூவம்மா டின்னோடு எடுத்துப் பூசையில் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சிவகாமி சீருடை போட்டுக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“அடியே, அங்கேயே நில்லு!” என்று பூவம்மா கையை நீட்டினாள். “தூரமா இருக்கிறவ சாமிகிட்ட வரலாமா?”

“என் டின்னு அங்க இருக்கு அத்தை. எட்டு மணிக்கு நான் திடல்ல நிக்கணும்.”

“பத்து மணிக்கு மறுபூசை. அதுக்கு முன்ன ஆயுதத்தை அசைக்கக் கூடாது. அசைச்சா வருஷம் பூரா வெளங்காது.”

“பத்து மணிக்கு எடுத்தா இன்னைக்கே வெளங்காது.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். தனசேகரன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினான்.

“ஏங்க, நீங்களாவது எடுத்துக் கொடுங்க.”

“நான் இன்னும் குளிக்கலையேம்மா.”

“போன வாரம் ஃபேரர் பார்க் கூட்டத்துல, தீட்டு என்பது மூளையில்தான் இருக்குன்னு முழங்கினீங்களே?”

“அது மேடை. அங்க மைக் இருக்கு, இங்க அம்மா இருக்காங்க.”

தெருவில் ஹாரன் அடித்தது. நூருன்னிசாவின் அண்ணன் நெய்னா முகம்மதுவின் ரொட்டி வேன். சிவகாமி பூட்ஸைக் கழற்றினாள். நேரே கூடத்துக்குள் நடந்தாள். படத்திலிருந்த சரஸ்வதியை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவளும் பொம்பளைதானே அத்தை? மாசத்துக்கு மூணு நாள் வீணையைக் கீழ வெச்சிட்டு ஒதுங்கியா இருக்கா? கேட்டுச் சொல்லுங்க, நான் வந்து தெரிஞ்சுக்கிறேன்.”

டின்னை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தனசேகரன் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

வழியெல்லாம் ரொட்டி வாசனை. திடலில் கிடங்குத் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு டின்னைத் திறந்தபோதுதான் பூவம்மாவின் அன்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது.

உள்ளே செவ்வந்தி இதழ், குங்குமம் தடவிய எலுமிச்சம் பழம், திருநீற்றுப் பொட்டலம், நாலைந்து கற்பூர வில்லை. நடுவில் சைட்டு பளபளவென்று சிரித்தது. ஆயுத பூசைக்கு முன் வீட்டுச் சாமானையெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது பூவம்மா வழக்கம். இதையும் தேய்த்திருக்கிறாள். கறுப்பாக இருந்தது அழுக்கு என்று நினைத்திருக்கிறாள். அது அழுக்கல்ல, வெயில் பட்டுக் கண் கூசாமல் இருப்பதற்காகப் பூசிய கறுப்பு. அது முழுக்கப் போய் உள்ளிருந்த பித்தளை வெளியே வந்துவிட்டது. திருகுகளைத் திருகி அவற்றின் அடியிலும் தேய்த்திருக்கிறாள். கடைசியாக, தகட்டின் நடுவில் இருந்த துளையை நெற்றி என்று எடுத்துக்கொண்டு கச்சிதமாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். சந்தனம் சிமெண்டாக இறுகிக் கிடந்தது.

“அக்கா, இது சைட்டா, குத்துவிளக்கா?” என்றாள் நூருன்னிசா.

ஹாப்சன் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், சமையல் சாமான் மாறி வந்துவிட்டதா? இன்னும் பத்து நிமிஷத்தில் வரிசையில் படுத்துக் குறி பார்க்க வேண்டும்.”

நூருன்னிசா திடலைப் பெருக்குபவரின் கொட்டகைக்கு ஓடி, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தாள். சிவகாமி அதால் துளையைக் குத்தினாள். பூசையில் வைத்த சந்தனம் துடைப்பக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வானம் இடிந்து விழவில்லை. துளை திறந்தது.

ஆனால் மினுக்கு? கறுப்புப் பூசுவதற்கென்றே கிளப்பில் ஒரு புகை விளக்கு இருந்தது. கேட்டுப் போன நூருன்னிசா உடனே திரும்பி வந்தாள்.

“முழு உறுப்பினருக்கு மட்டும்தானாம் லா. நம்ம கை பட்டா விளக்குக்கு ஆகாதாம்.”

காலையில் வீட்டில் கேட்ட அதே பாட்டு. மொழிதான் வேறு. சிவகாமிக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. டின்னுக்குள் பார்த்தாள்.

“நெய்னா அண்ணே, தீப்பெட்டி இருக்கா?”

டின் மூடியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். கறுகறுவென்று புகை எழும்பியது. சைட்டை அதன் மேல் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

“தங்கச்சி, எங்க இமாம் பார்த்தா நான் தொலைஞ்சேன்” என்றார் நெய்னா முகம்மது. “கற்பூரம் ஏத்தத் தீப்பெட்டி கொடுத்தவன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு.”

வெள்ளைக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். “இது என்ன, பிரார்த்தனையா?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லை சார். கரி.”

நிமிஷத்தில் பித்தளை அமாவாசையாகிவிட்டது. மாட்டிக்கொண்டு படுத்தாள். குறியைச் சரிபார்த்துக்கொள்ள இரண்டு குண்டு இலவசம், அதன் பிறகு பத்துக் குண்டு கணக்கு. முதல் இலவசக் குண்டைச் சுட்டாள். முந்நூறு கெஜத்துக்கு அப்பால் சிவப்புக் கொடி ஆடியது. அட்டையிலேயே படவில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த மலைக்குப் போயிருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

திருகுகள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன? அது தெரியாமல் அடுத்த குண்டும் மலைக்குத்தான். சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு பூவம்மாவை நினைத்தாள். பக்தியினால் அல்ல. பூவம்மா எதைத் திறந்தாலும் உயிரே போனாலும் இறுக்கி மூடாமல் விடமாட்டாள். அவள் மூடிய ஊறுகாய் ஜாடியைத் திறக்க வீட்டில் மூன்று பேர் வேண்டும். ஆக, திருகிய இரண்டையும் முட்டுகிற வரைக்கும் முடுக்கி வைத்திருப்பாள். கை வைத்துப் பார்த்தாள். அப்படியேதான். முட்டிய இடத்திலிருந்து எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்பது அவள் விரலுக்கு மனப்பாடம். திருப்பினாள். சுட்டாள். நடுவில் விழுந்தது.

சிரித்தவர் இருமினார்.

பிறகு பத்துக் குண்டுகள். தொலைபேசி நிலையத்தில் ஒயரைச் செருகுவது போல, ஒன்றை முடித்து மூச்சு விட்டு அடுத்தது. ஹாப்சனும் நன்றாகச் சுட்டார். அதை இல்லையென்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒன்பது குண்டுவரை இருவரும் சமம். கடைசிக் குண்டில் ஹாப்சன் ஒரு வட்டம் வெளியே போனார். சிவகாமி போகவில்லை.

ஹாப்சன் எழுந்து தூசியைத் தட்டினார். அந்தப் புகை போட்ட பொருள் விதிக்கு உட்பட்டதுதானா என்று நடுவரைக் கேட்டார். நடுவர் வெளியிலிருந்து வந்த ஒரு மேஜர், பகல் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தவர்.

“உங்கள் விளக்கில் என்ன வருகிறது?”

“கரி.”

“அவருடையதில்?”

“...கரி.”

“அப்புறம் என்ன?”

மாலையில் கோப்பையோடு வீட்டுக்கு வந்தாள். பூவம்மா காலையில் நடந்ததை மறந்தே போனாள்.

“பாத்தியா? என் பூசைதான்!”

“உங்க பூசையாலதான் அத்தை முதல் குண்டு மலைக்குப் போச்சு.”

“ரெண்டாவது?”

“அது உங்க ஊறுகாய் ஜாடியால.”

பூவம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் ரோவல் ரோடு முழுக்கச் சொல்லி வந்தாள். ஒரு வாரத்தில் கதை கோயில் வாசல்வரை போய்விட்டது. அம்மனே குண்டைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாளாம். பிள்ளைக்குத் தாயத்துக் கட்ட வேண்டும், ஒரு குண்டுக்கூடு கிடைக்குமா என்று ஒரு தாய் வந்து கேட்டாள். “இதைக் கட்டினா பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், வேற பயனில்லை” என்று சிவகாமி அனுப்பிவைத்தாள். தூரமாக இருந்தவள் சாமி படத்தருகே போனாளே, அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வெற்றி பெற்றால் தீட்டு தானாகக் கழிந்துவிடுகிறது.

மறுவருஷ ஆயுத பூசைக்குப் பூவம்மா கோப்பையையும் புளி போட்டுத் தேய்த்தாள். வெள்ளி உரிந்து உள்ளே பித்தளை தெரிந்தது. கிளப்பின் பெருமை அவ்வளவுதான்.

விதியைத் திருத்தி எழுத ஹாப்சனால் முடியவில்லை. சிவகாமி அதன் பிறகும் மூன்று முறை கோப்பையை வென்றாள். ஜொகூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்ச் சுட்டாள். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது, சமையலறைக்குப் பின்னால் சந்து இல்லாத வீடாகப் பார்த்து எடுத்தாள். 1966இல் கோப்பையை நூருன்னிசாவிடம் தோற்றாள். “தோத்தாலும் உன்கிட்டதான் தோத்தேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஆனால் முதல் பெயர் போர்டில் ஏறிய கதையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது.

எழுத வந்தவர் ஒரு சீனப் பெயிண்டர். ஹாப்சன் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். ‘திருமதி தனசேகரன்’ என்று இருந்தது. மணமான பெண்ணை அப்படிக் குறிப்பதுதான் கிளப்பின் மரபாம். தனசேகரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சங்கத்திலும் சொல்லிவிட்டிருந்தான்.

சிவகாமி சீட்டைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“சுட்டது யாருங்க?”

“என் பேர் வந்தா என்ன, உன் பேர் வந்தா என்ன? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே.”

“அப்படியா? அப்ப என் பேரே இருக்கட்டும். ஒண்ணுதானே.”

தனசேகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அங்கே மைக்கும் இல்லை, அம்மாவும் இல்லை. புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அவள் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பெயிண்டர் அதைப் போர்டோடு வைத்து அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். ஹாப்சன்களுக்காகச் செய்த போர்டு. இவ்வளவு நீளப் பெயருக்கு அதில் இடமில்லை. எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கேட்டார்.

“வேண்டாம் அங்கிள்” என்றாள் சிவகாமசுந்தரி. “எழுதிக்கிட்டே போங்க.”

அவர் எழுதிக்கொண்டே போனார். கடைசி மூன்று எழுத்து போர்டைத் தாண்டி, தேக்குச் சட்டத்தின் மேல் ஏறியது.