பன்னிரண்டாவது கூறு

நெல் வெட்டியவுடன் நான் செய்கிற முதல் வேலை கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்குவது. அறுவடை மெசின் துப்பிவிட்டுப் போகிற வைக்கோலைக் கொளுத்தினால்தான் வயல் துப்புரவாகும் என்பது என் கட்சி. இந்த மாசியிலும் விசுவமடுக் கடையில் தீப்பெட்டியும் கையுமாக நின்றபோது, எங்கள் ஒழுங்கை ஆட்டுக்கார அக்கா கண்டுவிட்டார். ஆடுகளோடு இரண்டு பசுக்களும் வைத்திருப்பவர். மூன்றாவது பசுவைப் போன கோடையில் தீனியில்லாமல் விற்றவர்.

"தம்பி, எரிச்சுப்போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை வைக்கோல் கட்டுற மெசினைக் கூட்டிக்கொண்டு வாறன். இல்லாட்டி மற்ற ரெண்டும் போயிடும்."

எனக்கு முகம் சுட்டது. ஓம் என்றேன். தீப்பெட்டியைத் திறக்காமல் வீட்டு அலுமாரியில் போட்டேன்.

அந்த ஞாயிறுதான் எங்கள் பங்கு இறைச்சியும். பன்னிரண்டு பேர் சேர்ந்து அக்காவிடம் ஒரு கிடாய் எடுத்திருந்தோம். எங்கள் வேலிக் குழை தின்று வளர்ந்த கிடாய். கடை இறைச்சி கிட்டவும் நிற்காது. அக்கா வீட்டு மாமரத்தின் கீழே வாழையிலையில் பன்னிரண்டு கூறு வைத்தார்கள். சண்டை வராமலிருக்க ஒருவர் முதுகு காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். சொன்னது சொன்னதுதான், மாற்றமில்லை. அன்று முதுகு காட்டியது நான்.

எனக்கோ மனமெல்லாம் வயலில். கிழக்கே வானம் கறுக்கிறது. மூன்று நாள் புரட்டிக் காயவைத்த வைக்கோல் வரிவரியாக வயலில் கிடக்கிறது. பனி ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும் என்று காத்திருந்த மெசின் அப்போதுதான் உறுமியது. நான் பேர்களை அள்ளி வீசினேன். பதினொன்று முடிந்தது. மிச்சம் நான் மட்டும்தான்.

"இது ஆருக்கு?"

"அக்காவுக்கு," என்றேன்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வளர்த்தவருக்குத் தலையும் குடலும் தனியாகப் போகும், கூறில் அவர் பேரே கிடையாது. வாய் தவறி வந்துவிட்டது என்று கத்திப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. அக்கா என் கூறைச் சட்டியில் எடுத்துப் போட்டார். உண்மையாகவே கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எங்கே நேரம்? இறைச்சிப் பைகளை வீட்டாரிடம் நீட்டிவிட்டு எல்லாருமாக வயலுக்கு ஓடினோம்.

மெசின் வைக்கோல் வரியை வாரி விழுங்கி, உள்ளே சுருட்டி, கயிறு சுற்றி, பின்னால் பொத்தென்று ஒரு உருளையைப் போட்டது. ஒவ்வொன்று விழும்போதும் சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினேன். இத்தனை வருடமாக இதையா கொளுத்தினேன்! தூக்கித் தூக்கி ரக்டர் பெட்டியில் ஏற்றினோம். கடைசி உருளை அக்காவின் கொட்டிலுக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அக்கா ஒரு உருளைக்குள் கைவிட்டுப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது.

"ரெண்டு மாடும் நிக்கும்," என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார். "உங்கட பங்கைக் காய்ச்ச வேணும், என்னட்டை நெருப்புப் பத்தவைக்க ஒண்டுமில்லை. அண்டைக்குக் கடையில வாங்கினது கிடக்கோ?"

மழைக்குள் வீட்டுக்கு ஓடி, அந்தத் தீப்பெட்டியை நனையாமல் பொத்திக்கொண்டு வந்தேன். அதன் முதல் குச்சி அக்காவின் அடுப்பில்தான் எரிந்தது.