குணம் அண்ணையின் பெருமைக் கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணையின் விடுதியில் கொத்துரொட்டி சாப்பிட்டேன். அருமை. அதில் என் உழைப்பும் உண்டு... கரண்டியைத் தொடாமலே.

ஜெர்மனியில், டோர்ட்மண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, மலைக்குள் ஒரு கிராமம். அங்கே பன்னிரண்டு அறைகளோடு விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறார் அண்ணை. சமையலறை முழுவதும் அவர் மனைவி பவானி அக்காவின் தலையில். அக்காவின் முழங்காலுக்கோ சத்திரசிகிச்சைத் திகதி குறித்தாகிவிட்டது. ஆள் கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டும், அல்லது முழங்காலை மறக்க வேண்டும்.

உள்ளூரில் தேடினார். ஒருவர் வந்தார். பஸ் அட்டவணையைப் பார்த்தார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

யாழ்ப்பாணத்தில் கல்யாண மண்டபங்களில் சமைக்கும் ரவியை எட்டு மாத வேலைக்குக் கூப்பிடலாம் என்று முடிவானது. அதற்கு வேலை அலுவலகத்துக்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம். கூடவே ஒரு கடிதம்: ஏன் வெளிநாட்டிலிருந்து ஆள் வேண்டும்? மொழிபெயர்ப்பு என் தொழில் அல்லவா? அண்ணை தமிழில் சொல்ல, நான் ஜெர்மனில் எழுதினேன்.

அவர் சொன்னதைக் கேளுங்கள். எங்கள் கிராமம் சொர்க்கம். போக்குவரத்துக்குக் குறைவில்லை. மனைவி களைப்பே அறியாதவர். டோர்ட்மண்டில் எஞ்சினியராக இருக்கும் மகன் சனி, ஞாயிறு தவறாமல் வந்து உதவுகிறான். மச்சான் குடும்பமும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும்.

"அண்ணை, இதெல்லாம் ஏன்?" என்றேன்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட குறையைக் காட்டுறதோ? எழுதுங்கோ."

எழுதினேன். வாயில் மட்டன் ரோல்ஸ் இருந்ததால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

குறை சொல்வதில் நம்மவர்கள் சளைத்தவர்களா என்ன? கோயில் தேரிலிருந்து கல்யாண வீட்டுப் பாயாசம் வரை எதை விட்டுவைத்தோம்? ஆனால் வெள்ளைக்காரன் கேட்டுவிட்டால் போதும் — எல்லோரும் ஜமீன்தார்தான்.

மூன்றே கிழமையில் பதில் வந்தது. ஜெர்மன் அலுவலகம் இவ்வளவு விரைவாகப் பதில் போட்டால் அது நல்ல செய்தியாக இருக்குமா? நீங்கள் தந்த விவரப்படி உங்களிடம் போதிய ஆட்கள் இருக்கிறார்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றிருந்தது. நியாயம்தானே? சம்பந்தி வீட்டில் சொல்வதை வேலை அலுவலகத்தில் சொன்னால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது கடிதத்துக்கு அக்காவும் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இந்த முறை நான் சொல்லுறன்" என்றார்.

பஸ் ஒரு நாளைக்கு இரண்டு. போனுக்கு சிக்னல் இல்லை. மச்சான் சாப்பிட மட்டும் வருவார். சமையலறையில் நின்றுகொண்டே வலியில் அழுகிறேன். மகன் கடைசியாக வந்தது போன வருடம்.

அண்ணை நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். "மகன் வாறேல்லை எண்டதையும் எழுதத்தான் வேணுமோ?"

"உண்மைதானே. எழுதுங்கோ" என்றார் அக்கா.

அண்ணை கையெழுத்துப் போட்டார். ஒரு பெயரை எழுத அவ்வளவு நேரம் எடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கு ரோல்ஸும் இறங்கவில்லை.

அனுமதி வந்தது. ரவி வந்தார். அக்காவுக்குச் சத்திரசிகிச்சையும் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் தட்டை எடுக்க வந்த ரவி, பக்கத்தில் இருந்த குணம் அண்ணையிடம் மெல்லக் கேட்டார். "அண்ணை, எட்டு மாதம் முடிய நான் போகத்தான் வேணுமோ?"

"ஓம். சட்டத்தை மதிக்கவேணும். தற்காலிகம் எண்டால் தற்காலிகம்" என்றார் குணம் அண்ணை, ஒரு அமைச்சர் போல.

காலை ஸ்டூலில் நீட்டியிருந்த அக்கா சொன்னார். "இவரும் ஆறு மாதத்துக்கெண்டுதான் வந்தவர். நாற்பது வருஷமாகப் போகுது."

ரவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அண்ணை என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் ஒரு கடிதம் எழுதவேணும்... குறையை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ."