இல்லைன்னு எழுதிக் கொடுங்க

நகராட்சி அலுவலகத்தில் என்னுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி நான் 'இல்லை சார்'. ஆவண அறையில் உட்கார்ந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பழைய வரைபடமா? இல்லை. வீட்டு அனுமதிக் கட்டா? இல்லை. தேடிப் பார்த்துச் சொன்னது பாதி, எழுந்திருக்கச் சோம்பல்பட்டுச் சொன்னது பாதி. உண்மையைச் சொன்னால் பாதிக்கும் மேலே. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இது என் கதையும் இல்லை. அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன ஒரு தையல்காரம்மாவின் கதை.

தெருவில் அவளுக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். துணிக்கடையில் அரை இஞ்ச் குறைத்துக் கிழித்தால் மறுநாளே போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவாள். அதே நியாயம் தனக்கும் உண்டு. தான் தைத்த சட்டை அரை இஞ்ச் தப்பினால் யாரும் கேட்காமலே பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். புருஷனுக்கு அச்சகத்தில் கை நசுங்கியதிலிருந்து அவர் பட்டன் கட்டுவதோடு சரி. வீட்டின் முன் அறைதான் கடை. அதில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, துணி தொங்கும் கயிறு. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து நாலு வயிறும் அந்த ஒரு அறையை நம்பித்தான் இருந்தது.

அந்த அறையைத்தான் எங்கள் ஆபீஸ் இடிக்கப் பார்த்தது. அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. பத்தடி இருக்க வேண்டியது ஆறரை அடிதான் இருக்கிறது, காணாமல் போன மூன்றரை அடியை உங்கள் முன் அறை விழுங்கியிருக்கிறது என்று நோட்டீஸ் போயிற்று. ஆதாரம் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் இன்ஜினியரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சனிக்கிழமை காலையில் இயந்திரம் வரும்.

அவள் பத்திரத்தில் 'வடக்கே பத்தடிச் சந்து' என்று இருந்தது. அந்தச் சந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அது தெரிய வேண்டுமானால் மனை பிரித்தபோது நகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடம் வேண்டும். அது என் அறையில் இருக்க வேண்டிய பொருள்.

புதன்கிழமை வந்தாள். கூடவே சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை, அதனால் வேனக்கா. காலை நடை முடித்துவிட்டு வந்து, மாலை நடைக்குள் திரும்ப வேண்டிய அவசரத்தோடு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்கு ஏன் சார் நோட்டீஸ் விட்டீங்க?" என்றாள் தையல்காரம்மா.

"ஏன் எதுக்குன்னு கேக்குறதுக்கெல்லாம் இங்க கட்டு கிடையாதும்மா. இருக்குற காகிதத்தக் கேளு" என்று அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி வேனக்காவோடு, ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். புருஷன் கை, பிள்ளைகள் படிப்பு, மெஷின் வாங்கிய கஷ்டம், எல்லாம் இருந்தது. "இதுல என்ன வேணும்னு மட்டும் இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். நான் சொன்னது சரிதான். என்ன எழுத வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்பதும் சரிதான். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

வேனக்கா மாலை நடைக்குக் கிளம்பியும் அவள் போகவில்லை. சாயங்காலம் வரை பெஞ்சில் இருந்தாள். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஆவணம் கேட்கும் விதிகளை எழுதிய ஒரு பலகை உண்டு. அதன் ஆணியில் என் குடையை மாட்டி வைப்பேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் குடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது குடை பழையபடி ஆணியில் தொங்கியது. பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு வேனக்காவோடு வந்தாள். கையில் பென்சிலில் எழுதிய மூன்று வரி. தெருவின் பெயர், மனைப்பிரிவு வரைபடம், ஒப்புதல் ஆன வருடம், பார்வையிடவும் சான்றிட்ட நகல் வாங்கவும் வேண்டும். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இல்லை" என்றேன்.

"சரி சார். இல்லைன்னு எழுதிக் கொடுங்க."

"என்னது?"

"உங்க பின்னாடி போட்டிருக்கே சார். மறுத்தா காரணத்த எழுத்துல தரணும்னு. எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வெச்சுக் கொடுங்க. நான் போயிடுறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. என் பேனாவை எடுத்து என் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள். வேனக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

வாயால் இல்லை என்று சொல்வது வேறு, கையெழுத்துப் போட்டு இல்லை என்பது வேறு. நாளைக்கே அந்த வரைபடம் எங்காவது கிடைத்தால் நான் பொய்யன். கிடைக்காவிட்டால், பொறுப்பில் வைத்தவன் எங்கே தொலைத்தான் என்று கேள்வி வரும். இரண்டிலும் என் தலைதான் உருளும். பத்தொன்பது வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"இருங்க, பாத்துட்டு வரேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். 'இரு' என்று சொல்லி வந்த வாய் 'இருங்க' என்றதை நானே கவனித்தேன்.

உள்ளே எட்டு வரிசை அலமாரி. ஏணியைப் போட்டு ஏறினேன். தூசி மூக்கில் ஏறித் தும்மல் நிற்கவில்லை. அந்த வருடத்துக் கட்டுகள் வரிசையாக இருந்தன. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து நாலு. முப்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் வெற்றிடம். மேலும் கீழும் தேடினேன், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

வெளியே வந்தபோது மணி இரண்டு ஐம்பது. "நிஜமாவே இல்லம்மா" என்றேன். அவளிடம் முதல் தடவையாகத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன், நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

அவள் முகம் செத்துப் போயிற்று. ஆனால் நகரவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் குண்டூசியில் குத்திய துணித் துண்டு, பக்கத்தில் தேதி.

"சார், என் கடையிலேர்ந்து ஒரு ஜாக்கெட் போனாக்கூட யார் வாங்கிட்டுப் போனாங்கன்னு குறிச்சிடுவேன். காஜா அடிக்க வெளிய குடுத்தாலும் குறிச்சிடுவேன். நீங்க குறிக்க மாட்டீங்களா?"

குறிப்போம். அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. என் மேஜையின் அடி இழுப்பறையில், என் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே. டப்பாவை எடுத்து வைத்துவிட்டுப் புரட்டினேன். அவளும் எதிர்ப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"அங்க" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன். கட்டு எண் முப்பத்து மூன்று. பெற்றுக்கொண்டது: இன்ஜினியர் பிரிவு, சாலை வேலைக்காக. திரும்பி வந்த தேதி எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அவளுக்கு நோட்டீஸ் விட்ட அதே பிரிவு.

மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முட்டிக்கு அது ஓட்டம்தான். இன்ஜினியர் வேலை நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார், அலமாரிச் சாவி அவரிடம், மூன்றரைக்குத்தான் வருவார் என்றார்கள். கீழே வந்து சொன்னேன். மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேனக்காவுக்கும் மூன்றரைக்கு வேன்.

"நீங்க கிளம்புங்கக்கா" என்றாள் தையல்காரம்மா.

"சும்மா இருடி. இன்னிக்கு ஒருநாள் டிரைவர் பாத்துக்குவாரு. உன்ன இப்படி விட்டுட்டு நான் எங்க போக?"

மூன்று இருபத்தைந்துக்கு இன்ஜினியர் வந்தார். எந்த வரைபடம், இப்போது எதற்கு என்று சலித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை. எந்தச் சந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்காமலே ஒரு குடும்பத்தின் அறையை இடிக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது, ஆனால் மூன்று நாளாக நான் செய்தது மட்டும் என்ன என்று நினைத்ததும் அடங்கிவிட்டது.

என் மேஜையில் விரித்தேன். அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள், ஆனால் அது தேவைப்படவில்லை. அடிக் கணக்கு வரைபடத்திலேயே எழுதியிருந்தது. தெருமுனை எல்லைக் கல்லிலிருந்து அவள் மனையின் ஓரம் நாற்பத்திரண்டு அடி.

"கல்லுலேர்ந்து எங்க சுவரு நாப்பத்திரண்டு அடி சார். நேத்து நானே அளந்தேன். அரை இஞ்ச் கூட வெளிய இல்ல!"

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரல் மேலே நகர்ந்தது. சந்து, நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்திரண்டு வரை. அங்கே விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

சந்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அந்த நிமிடம் வரைக்கும் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அவள் அறை புதுசு, சந்தை ஒட்டிய வேனக்காவின் சமையலறை பழசு. புதுசாகக் கட்டினவள்தான் தப்புச் செய்திருப்பாள் என்று ஆபீஸும் நினைத்தது, தெருவும் நினைத்தது. காணாமல் போன மூன்றரை அடி எதிர்ப் பக்கத்தில் இருந்தது.

"என்னடி? நல்லதா இருக்கா, இல்லையா?" வேனக்கா எட்டிப் பார்த்தாள்.

மணி மூன்று முப்பத்தெட்டு. வரைபடத்தைச் சுருட்டி, நல்லதுதான் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் விரலை எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"எங்க சுவரு சரியா இருக்குக்கா. உங்க சமையக்கட்டுதான் மூணரை அடி சந்துல இருக்கு."

வேனக்கா வரைபடத்தைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நாங்க வாங்குறப்பவே அது இருந்துச்சு."

"தெரியும்க்கா."

"இத மேல குடுக்கலன்னா?"

"நாளைக்குக் காலையில என் கடை போயிடும்."

வேனக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இதுக்கா மூணு நாளு உன்கூட வந்து உட்காந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

தையல்காரம்மா அழுதாள். சத்தம் இல்லாமல், வரைபடத்தில் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நகல் போடுங்க சார். ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"அவங்களும் பாக்கணும்ல."

நகல் எடுத்து, சான்றிட்டு, சீல் வைத்தேன். மூன்று ஐம்பத்தாறுக்கு மாடிப்படி ஏறப் போனவள் திரும்பி நின்றாள். "அவங்க இங்க வருவாங்க சார். அவங்ககிட்ட இல்லைன்னு சொல்லிடாதீங்க" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சனிக்கிழமை இயந்திரம் வரவில்லை. அவளுக்கு விட்ட நோட்டீஸை ரத்து செய்தார்கள். அடுத்த புதன்கிழமை வேனக்கா வீட்டுக்கு நோட்டீஸ் போயிற்று. அலுவலகம் அதில் மட்டும் தாமதம் செய்யாது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வேனக்கா என் மேஜை முன் நின்றாள். ஒரு காகிதத்தை நீட்டினாள். பென்சிலில் எழுதிய மூன்று வரி. கீழே குண்டூசியில் குத்தியிருந்தது நான் சீல் வைத்த இரண்டாவது நகல். அந்தச் சமையலறையைக் கட்ட, முந்தைய வீட்டு உரிமையாளருக்கு நகராட்சி கொடுத்த அனுமதிக் கட்டு வேண்டும், பார்வையிடவும் நகல் வாங்கவும். கடைசியில், இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரவும்.

"இது யார் எழுதினது?" தெரிந்தும் கேட்டேன்.

"அவதான். கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருக்கா. நான் அவகூடப் பேசல."

நிமிர்ந்து பார்த்தேன். வாசலுக்கு வெளியே பெஞ்சின் நுனியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் டேப், மடியில் பை. கடை திறந்திருக்க வேண்டிய நேரம்.

"பின்னாடியே வந்திருக்கா. நான் கூப்பிடல" என்றாள் வேனக்கா, திரும்பிப் பார்க்காமல்.

அந்தக் கட்டு உள்ளே இருக்கிறதா, இருந்தால் அவளைக் காப்பாற்றுமா கவிழ்க்குமா, எனக்குத் தெரியாது. பழைய சொல் பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.